மழலையர் ஆசிரியர்க்குப் பட்டமேற்பயிற்சி: இங்கிலாந்து காட்டும் பாடம்

முன்னுரை

பட்டம் பெற்ற ஒருவர் மேனிலைப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றால் நாம் வியப்பதில்லை. கல்லூரிக்குச் சென்றால் பாராட்டுகிறோம். அதே பட்டதாரி, மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போவதாகச் சொன்னால், "இதற்காகவா இவ்வளவு படித்தது?" என்று கேட்கிறோம். பிள்ளையின் வயது குறையக் குறைய, அப்பிள்ளைக்குக் கற்பிப்பவரின் மதிப்பையும் குறைத்துக் காணும் வழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கல்வித் துறையில் நெடுங்காலமாக முன்னோடியாகக் கருதப்பெறும் இங்கிலாந்தும் இதனின்று விடுபட்டுவிடவில்லை.

பட்டப்படிப்பை முடித்தபின் மேலும் ஓராண்டு, மழலையர்க்கு ஆசிரியராவதற்கென்றே பயிற்சி தரும் முறை அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அப்பயிற்சி எவ்வாறு உருவாயிற்று, அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, அதனைப் பெற்றவர்க்கு என்ன நிலை கிடைக்கிறது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பயிற்சியை உயர்த்துவது வேறு. பயிற்சி பெற்றவரின் மதிப்பை உயர்த்துவது வேறு. பின்னது இல்லாதவிடத்து முன்னது நிலைபெறாது என்பதே அந்நாட்டின் பட்டறிவிலிருந்து நாம் பெறும் பாடம்.

பயிற்சி தோன்றிய வரலாறு

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்னும் கருத்தை வலுவாக முன்வைத்தவர்களுள் ஜெர்மானியரான ஃபிரோபெல் குறிப்பிடத்தக்கவர். 1840ஆம் ஆண்டில் அவர் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். 1851இல் பிரஷ்ய அரசு இத்தகைய பள்ளிகளுக்குத் தடை விதித்தது. ஆனால் அதே ஆண்டில் அவர்தம் கொள்கை வழிநின்றோர் இலண்டனில் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினர். 1892இல் ஃபிரோபெல் கல்வி நிறுவனம் அந்நகரில் நிறுவப்பெற்றது. ஆசிரியர் பயிற்சிக்கெனப் பிறந்த அந்நிறுவனம் இன்று ரோகாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது.

அடுத்து நினைக்கத்தக்கவர்கள் ரேச்சல் மாக்மில்லன், மார்கரெட் மாக்மில்லன் என்னும் உடன்பிறந்தார் இருவர். இலண்டனில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த டெட்ஃபோர்டு பகுதியில் 1914ஆம் ஆண்டு இவர்கள் திறந்தவெளி மழலையர் பள்ளியைத் தொடங்கினர். நோயும் பசியும் சூழ்ந்த இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் காற்றும் வெயிலும் உணவும் குளியலும் கல்வியின் பகுதிகளாயின. ரேச்சல் 1917இல் மறைந்தார். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராயினும் போதும் என்னும் எண்ணத்தை மார்கரெட் ஏற்கவில்லை. முறையான நெடும்பயிற்சி பெற்றவரே அப்பணிக்கு உரியவர் என்று வாதிட்டார். 1930இல் தம் தமக்கையின் பெயரால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பெற்றதைக் கண்டபின், 1931இல் அவரும் மறைந்தார்.

பல்கலைக்கழகத்தின் உயர்கல்வியில் இத்துறைக்கு இடம்பெற்றுத் தந்தவர்களுள் சூசன் ஐசக்ஸ் என்னும் உளவியலறிஞர் தலையாயவர். கேம்பிரிட்ஜ் நகரில் மால்டிங் ஹவுஸ் என்னும் சிறு பள்ளியை 1924 முதல் 1927 வரை நடத்திய அவர், பிள்ளைகள் பேசியவற்றையும் செய்தவற்றையும் அவ்வப்போதே எழுதிவைத்து ஆராய்ந்தார். 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சித் துறை தொடங்கப்பெற்றபோது அதற்கு அவரே தலைவரானார். ஏற்கெனவே பணியாற்றிவந்த ஆசிரியர்கள் அங்கு வந்து குழந்தையை ஓர் ஆய்வுப்பொருளாகக் கொண்டு பயின்றனர். மழலையர் கல்வி பல்கலைக்கழக அளவில் ஆழ்ந்து கற்கத்தக்க துறை என்பது அதனால் நிறுவப்பெற்றது.

இவ்வரிசையில் நம் மண்ணோடு தொடர்புடையவர் ஒருவரும் உண்டு. இத்தாலி நாட்டின் மரியா மாண்டிசோரி 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற மருத்துவர், 1907இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் மழலையர்க்கெனக் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். 1919 முதல் இலண்டனில் பயிற்சி வகுப்புகள் நடத்திய அவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்ச் சூழலால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் சென்னையில் அவரிடம் நேரிற் பயின்ற ஆசிரியர்கள் பலர். உயர்கல்வி பெற்ற ஒருவர் மழலையரிடம் செல்வது இழிவன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்றுள்ள இரு வழிகள்

இங்கிலாந்தில் பட்டதாரி ஒருவர் மழலையர் ஆசிரியராவதற்கு இன்று இருவேறு வழிகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிந்தாலன்றிப் பின்வரும் செய்திகள் விளங்கா.

முதல் வழி, பி.ஜி.சி.இ. எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் கல்வியியல் பட்டமேற்படிப்புச் சான்றிதழ் ஆகும். இதில் முன்பருவப் பிரிவைத் தேர்ந்தெடுப்போர் பொதுவாக மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயில்கின்றனர். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். ஆயினும் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய மூன்றிலும் வரையறுக்கப்பெற்ற தரம் பெற்றிருத்தல் வேண்டும். முழுநேரப் படிப்பாயின் காலம் ஒரு கல்வியாண்டு. பல பல்கலைக்கழகங்களில் இப்படிப்பின் ஒரு பகுதி முதுகலைத் தரத்தில் அமைந்து, பின்னர் முதுகலைப் பட்டத்தைத் தொடர உதவுகிறது. நிறைவில் 'தகுதிபெற்ற ஆசிரியர் நிலை' வழங்கப்படுகிறது. அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக அமர்வதற்கும், ஆசிரியர்க்குரிய ஊதிய வரிசையைப் பெறுவதற்கும் வழிதிறக்கும் திறவுகோல் இதுவேயாகும்.

இரண்டாம் வழி, 2013ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்த முன்பருவ ஆசிரியர் தொடக்கப் பயிற்சி ஆகும். இது பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரையிலான பருவத்தைத் தழுவியது. சேர்வதற்குரிய தகுதிகள் ஏறத்தாழ முன்னதை ஒத்தவையே. பட்டமும் வேண்டும், மூன்று பாடங்களிலும் பள்ளித் தேர்ச்சியும் வேண்டும். முழுநேரமாக ஓராண்டு பயிலலாம். நர்சரியில் ஏற்கெனவே பணிபுரிவோர் பணியில் இருந்தவாறே பயிலவும் வாய்ப்புண்டு. நிறைவில் 'முன்பருவ ஆசிரியர் நிலை' வழங்கப்படுகிறது. இங்கு ஒன்றை நாம் உற்றுநோக்க வேண்டும். பெயரில் 'ஆசிரியர்' என்னும் சொல் இருப்பினும், இது மேற்கூறிய 'தகுதிபெற்ற ஆசிரியர் நிலை' ஆகாது. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

ஓராண்டில் கற்பது யாது?

குழந்தைகளோடு விளையாடுவதற்கு ஓராண்டுப் பட்டமேற்பயிற்சி எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆகவே அப்பயிற்சியின் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

முதலாவது, குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவு. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலைநிமிர்ந்து அசையும் நிலையைச் செங்கீரை என்றனர். ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் நிலையைச் சப்பாணி என்றனர். அடியெடுத்து நடந்து வருவதை வருகை என்றனர். குழந்தையைத் திங்கள்தோறும் கூர்ந்து நோக்கியவர்க்கன்றி இப்பகுப்புத் தோன்றியிராது. புலவர் பாடுபொருளாக நோக்கியதனைப் பயிற்சி மாணவர் அறிவியற்பொருளாக நோக்குகின்றனர். எந்த மாதத்தில் எது நிகழும், எது சற்றுத் தாழ்ந்தாலும் கவலையில்லை, எது தாழ்ந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பன அவர்கள் அறியவேண்டியவை.

இரண்டாவது, கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுக்கும் திறன். ஒரு பிள்ளை மணலை வாளியில் அள்ளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்கிறது. பிறகு பொம்மைகளைப் பைக்குள் போட்டு இழுத்துச் செல்கிறது. பிறகு தன் தட்டிலிருந்த உணவைத் தோழியின் தட்டிற்கு மாற்றுகிறது. காண்பவர் இதனைக் குறும்பு என்பர். ஆனால் கிறிஸ் ஏதி என்னும் கல்வியாளர், 1970களில் ஃபிரோபெல் நிறுவனத்தில் நிகழ்த்திய ஆய்வின் வழி, இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் செயல்களில் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். இடம்மாற்றுதல் என்னும் ஒரே கருத்தையே அப்பிள்ளை பலவாறு சோதித்துப் பார்க்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அதனைத் தடுப்பதற்கு மாறாக, தள்ளுவண்டியும் கூடையும் தந்து எத்தனை, எவ்வளவு, எவ்வளவு தொலைவு என்னும் கணக்கை அதனுள் நுழைக்கிறார்.

மூன்றாவது, உரையாடும் முறை. குழந்தையின் அருகமர்ந்து, அதன் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, இருவரும் சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்க்கும் உரையாடலை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 'தொடர்ந்த கூட்டுச் சிந்தனை' என்னும் பொருள்படக் குறிப்பிடுவர். கல்லைத் தொட்டியிலிட்ட பிள்ளை, "மூழ்கிவிட்டது" என்கிறது. "ஆம், நல்லது" என்று கூறி நகர்வது ஒருமுறை. "இந்த மரத்துண்டு இதைவிடப் பெரிதாயிற்றே, இது என்ன செய்யும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுக் காத்திருப்பது மற்றொரு முறை. காத்திருத்தலும் இங்கு ஒரு கலையாகவே கற்பிக்கப்படுகிறது. உட், புரூனர், ராஸ் என்போர் 1976இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையொன்று இத்தகைய துணையைக் கட்டடத்திற்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டது. சுவர் எழும்வரை சாரம் வேண்டும். எழுந்தபின் சாரத்தை அவிழ்த்துவிட வேண்டும். எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதை அறிவதே ஆசிரியரின் திறம்.

நான்காவது, சட்டத்தின்வழி அமைந்த பாடத்திட்டம். 2008 முதல் இங்கிலாந்தில் பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரைக்கும் ஒரே சட்டகம் நடைமுறையில் உள்ளது. பின்னர்த் திருத்தங்கள் பெற்ற அதில் கற்றலின் பகுதிகள் ஏழு. பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தன்னுணர்வும் பிறரோடு பழகுதலும் ஆகிய மூன்றும் அடித்தளமானவை. எழுத்தறிவு, கணிதம், உலகை அறிதல், கலை வெளிப்பாடு ஆகிய நான்கும் அவற்றின்மேல் எழுபவை. எழுத்தும் எண்ணும் முதல் மூன்றனுள் இடம்பெறாமை நம் கருத்திற்குரியது. பேச்சு வளராத பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணிப்பதில் பயனில்லை என்பது இதன் உட்பொருள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்க நேர்வதால், எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்படியாக வாசிக்கக் கற்பிக்கும் முறையையும் இப்பயிற்சி கற்றுத் தருகிறது.

ஐந்தாவது, தாய்மொழி பற்றிய பார்வை. வீட்டில் ஆங்கிலம் அல்லாத வேறு மொழி பேசும் பிள்ளைகள் தம் வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்தி வளர்த்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்று அச்சட்டகமே விதிக்கிறது. இலண்டனில் ஈழத்தமிழரும் தமிழகத்தவரும் கணிசமாக வாழும் ஈஸ்ட் ஹாம், ஹாரோ முதலிய பகுதிகளின் நர்சரிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பயில்கின்றனர். அங்குத் தாலாட்டும் விடுகதையும் அறிந்த ஓர் ஆசிரியர் கிடைப்பின் அது அப்பிள்ளைகள் பெற்ற பேறு. தாய்மொழியில் உறுதி பெற்ற பிள்ளை அவ்வறிவைத் துணைக்கொண்டே பிற மொழியையும் கற்கிறது. இக்கருத்துத் தமிழ்த் துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

இவையன்றிக் குழந்தைப் பாதுகாப்பு, சிறப்புக் கவனம் வேண்டும் பிள்ளைகளை இனங்காணல், பெற்றோரோடு இணைந்து செயற்படல், உடன் பணிபுரிவோரை வழிநடத்தல் ஆகியனவும் பயிற்சியில் அடங்கும்.

களப் பயிற்சி

பல்கலைக்கழக வகுப்பறை இப்பயிற்சியின் ஒரு பாதிதான். மற்றொரு பாதி பிள்ளைகளின் நடுவே நிகழ்கிறது. பி.ஜி.சி.இ. பயில்வோர் குறைந்தது 120 நாள் பள்ளிகளில் செலவிட வேண்டும். அதுவும் ஒன்றிற்கு மேற்பட்ட பள்ளிகளில் அமைதல் வேண்டும். வசதியுள்ள பகுதியின் பள்ளியை மட்டும் கண்டவர் வறிய பகுதியின் பள்ளியை அறியார். ஆதலால் இவ்விதி பொருளுடையது. ஒவ்வொருவர்க்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். அவர் பாடத்தைப் பார்வையிட்டு, உடனிருந்து குறைநிறை பேசுவார்.

முன்பருவ ஆசிரியர் பயிற்சியில் இருப்போர் கைக்குழந்தைகளோடும் பழகக் கற்கின்றனர். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்னும் பெருமாட்டி வகுத்த 'புதையற் கூடை' இங்குப் பெரிதும் பயன்படுகிறது. உட்காரத் தொடங்கிய குழந்தையின் முன் ஒரு கூடை வைக்கப்படும். மரக்கரண்டி, கம்பளி உருண்டை, உலோகக் கிண்ணம், எலுமிச்சம்பழம் முதலிய அன்றாடப் பொருள்கள் அதில் இருக்கும். பிளாஸ்டிக் பொம்மை இராது. குழந்தை தானே தேர்ந்தெடுத்துத் தொட்டும் சுவைத்தும் தட்டியும் அறியும். ஆசிரியர் பேசாது அருகில் அமர்ந்திருப்பார். காண்பதற்கு எளிய செயல். ஆனால் எந்தப் பொருள் தீங்கற்றது, எந்தக் குழந்தை எதனை நாடுகிறது, எப்போது கூடையை எடுத்துவிட வேண்டும் என்பதையெல்லாம் அறிந்த ஒருவரே அவ்வாறு அமைதியாக அமர்ந்திருக்க இயலும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் 'இவர் உனக்குரியவர்' என்று ஒரு பணியாளரைப் பொறுப்பாக்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். தாயைப் பிரிந்து வரும் குழந்தைக்குப் பற்றிக்கொள்ள ஒரு முகம் வேண்டும் என்னும் உண்மை இதற்கு அடிப்படை. தாய்-சேய்ப் பிணைப்புப் பற்றி ஜான் பௌல்பி செய்த ஆய்வுகள் இதற்குத் துணைநின்றன.

ஆய்வு கூறும் உண்மை

இத்துணைப் பயிற்சியால் விளையும் பயன் யாது? இதனை அறிய 1997இல் இங்கிலாந்தில் ஒரு பேராய்வு தொடங்கியது. ஏறத்தாழ 3,000 பிள்ளைகளையும், 141 மழலையர் நிலையங்களையும் ஆய்வாளர்கள் தேர்ந்து, அப்பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்து வளர்ந்த ஆண்டுகளிலும் அவர்களைத் தொடர்ந்து நோக்கினர். கேத்தி சில்வா, எட்வர்ட் மெல்ஹூயிஷ், பாம் சாமன்ஸ், இராம் சிராஜ் முதலியோர் அக்குழுவினர்.

தரமான மழலையர் கல்வி பெற்ற பிள்ளைகள் அறிவிலும் பழகும் பண்பிலும் முன்னேறினர் என்று அவ்வாய்வு கண்டது. உயர் தகுதி பெற்ற பணியாளர் இருந்த நிலையங்களில் தரம் உயர்ந்திருந்தது. குறிப்பாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தலைமையேற்ற இடங்களில் பிள்ளைகள் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். வறுமையிற் பிறந்த பிள்ளைகளுக்கு நல்ல மழலையர் கல்வி பெரும்பயன் அளித்தது. வீட்டில் நூலும் உரையாடலும் குறைந்த பிள்ளைக்கு அக்குறையை ஈடுசெய்ய வல்லவர் நன்கு பயின்ற ஆசிரியரே. ஆகவே இது கல்விச் சிக்கல் மட்டுமன்று. நீதி பற்றிய சிக்கலும் ஆகும்.

ஒரே உழைப்பு, இருவேறு மதிப்பு

ஆய்வு இவ்வாறு உரைத்தபின் அரசு செய்தது என்ன? 2007ஆம் ஆண்டையொட்டி 'முன்பருவத் தொழிலர் நிலை' என்னும் பட்டதாரித் தகுதி உருவாக்கப்பெற்றது. 2015க்குள் முழுநாள் நர்சரி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டதாரி இருக்க வேண்டும் என்னும் இலக்கும் வகுக்கப்பெற்றது. பின்னர் ஆட்சி மாறியது, இலக்கும் கைவிடப்பட்டது.

2012 ஜூனில் பேராசிரியர் கேத்தி நட்பிரவுன் அரசின் வேண்டுகோளின்படி ஆய்ந்து ஓர் அறிக்கை அளித்தார். அதிலமைந்த பரிந்துரைகள் 19. பிறப்பு முதல் ஏழு வயது வரைக்கும் உரிய சிறப்புப் பயிற்சியை ஏற்படுத்தி, அதனை முடித்தோர்க்குத் 'தகுதிபெற்ற ஆசிரியர் நிலை'யையே வழங்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. 2013 ஜனவரியில் அரசு விடையளித்தது. 'முன்பருவ ஆசிரியர்' என்னும் பெயரைத் தந்த அரசு, அதற்குரிய நிலையைத் தர மறுத்தது. தம் பரிந்துரைகள் பெரும்பாலும் ஏற்கப்படாமையைக் கண்ட நட்பிரவுன், அதே ஆண்டு மார்ச்சில் வெளிப்படையாகவே ஒரு மறுப்புரை வெளியிட்டார்.

இதன் விளைவை எளிதில் விளக்கலாம். ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே ஆண்டில், ஒரே நுழைவுத் தகுதியுடன் இருவர் பயில்வதாகக் கொள்வோம். ஒருவர் மூன்று முதல் ஏழு வயதினர்க்கு. மற்றவர் பிறப்பு முதல் ஐந்து வயதினர்க்கு. முன்னவர்க்கு அரசுப் பள்ளியும், ஊதிய வரிசையும், 2021 முதல் ஈராண்டு வழிகாட்டலுடன் கூடிய பணித்தொடக்கமும் உண்டு. பின்னவர் பெரும்பாலும் தனியார் நர்சரியிலேயே பணி தேட வேண்டும்; ஊதியம் உரிமையாளர் வரையறுப்பது; பணித்தொடக்க வழிகாட்டலும் சட்டப்படி இல்லை. மேலும், மூன்று வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகள் எட்டுப் பேர்க்கு ஒரு பணியாளர் என்பது நர்சரிகளுக்குரிய பொதுவிதி. பட்டதாரி ஆசிரியர் நேரடியாகப் பணியாற்றும்போது பதின்மூவர்க்கு ஒருவர் போதும் என்று அவ்விதி தளர்கிறது. கல்வி கூடியதால் சுமை கூடுகிறது. ஊதியம் கூடுமென்பதற்கு உறுதியில்லை.

இந்நிலையில் இளைஞர் எதனைத் தேர்வர்? தொடக்கத்தில் ஆண்டுக்கு ஈராயிரத்திற்கு மேற்பட்டோர் சேர்ந்த முன்பருவ ஆசிரியர் பயிற்சியில், சில ஆண்டுகளுக்குள் சேர்வோர் தொகை சில நூறாகச் சுருங்கியது. பயிற்சிக் கட்டணத்தை அரசே ஏற்றும் இச்சரிவு நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. பின்தங்கிய பகுதிகளில் பட்டதாரிகளைப் பெருக்குவதற்குரிய வழியை ஆராய்வதாக 2017இல் அரசு வாக்களித்தது; 2018இல் அதனையும் கைவிட்டது.

இதற்கிடையே தேவையோ பெருகிவிட்டது. பணிபுரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாரம் 30 மணிநேரம் அரசுச் செலவில் பராமரிப்பும் கல்வியும் அளிக்கும் திட்டம் 2017இல் மூன்று, நான்கு வயதினர்க்குத் தொடங்கி, 2025 செப்டம்பரில் ஒன்பது மாதக் குழந்தை வரை நீட்டிக்கப்பெற்றது. பிள்ளைகள் வந்துவிட்டனர், ஆசிரியர் போதவில்லை. 2025 ஜூலையில், மிகவும் பின்தங்கிய பகுதிகளின் நர்சரிகளில் பணியாற்றும் முன்பருவ ஆசிரியர்க்கு 4,500 பவுன் ஊக்கத்தொகை தரப்படும் என்று அரசு அறிவித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒருமுறை தரும் தொகை, ஓராசிரியர்க்கு வாழ்நாள் முழுதும் உரிய நிலைக்கு ஈடாகுமா என்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டு நிலையோடு ஒப்பிட்டால்

இக்குறையை அயல்நாட்டார் குறையென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2019 ஜனவரியில் தமிழக அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அங்குக் கற்பிக்க இடைநிலை ஆசிரியர்களை அனுப்ப முற்பட்டபோது, ஆசிரியர் பலர் அதனைப் பதவி இறக்கமாகக் கருதி எதிர்த்தனர். அவர்கள் கூறியதிலும் நியாயம் இருந்தது. தொடக்கப் பள்ளிக்கெனப் பயிற்சி பெற்றவர்க்கு மழலையர் கல்வியில் தனிப்பயிற்சி இல்லை. ஆயினும் கீழ்வகுப்பிற்குச் செல்வது கீழிறங்குவதே என்னும் எண்ணம் அனைவர் மனத்திலும் இருந்ததை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

2020இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே அடிப்படை நிலையாக வகுத்தது. பகுப்பு ஏட்டில் வந்துவிட்டது. ஆனால் அப்பருவத்தின் முதற்பாதிக்குக் கற்பிப்பவரும் பிற்பாதிக்குக் கற்பிப்பவரும் ஒரே மதிப்பும் ஊதியமும் பெறும் நாள் வந்தாலன்றி, அப்பகுப்பு உயிர்பெறாது. இங்கிலாந்தின் வரலாறு அதனை முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிட்டது.

நிறைவுரை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் பழமொழி. ஐந்து வயதின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆயினும் இப்பழமொழியில் பிள்ளை வளைக்கப்படும் கொம்பாகவே நிற்கிறது. நாம் மேலே கண்ட பயிற்சியோ, வளைப்பதற்கு முன் அக்கொம்பு எந்தப் பக்கம் ஒளியை நாடுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பார்த்ததைப் புரிந்துகொள்ளக் கல்வி வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தவரே மழலையர் ஆசிரியர்.

எனவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. இலக்கியமோ அறிவியலோ வணிகவியலோ, எதில் பட்டம் பெற்றாலும், குழந்தையின் முகத்தை நெடுநேரம் சலிப்பின்றிப் பார்க்க இயலுமாயின், இத்துறையை எண்ணிப்பாருங்கள். கதை சொல்லும் குரலும், பாட்டின் ஓசையறிந்த செவியும் தமிழ் மாணவர்க்கு இயல்பாக வாய்ப்பன. ஆடவரும் இதனைத் தயங்காது ஏற்கலாம். குழந்தைக்கு அன்னையின் அன்பைப் போலவே அறிவுடைய ஆண்மகனின் பரிவும் தேவை.

பள்ளிகளை நடத்தும் ஊர்ப் பெரியோர்க்கும், கல்விக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேனிலைப் பள்ளியின் முதுகலை ஆசிரியரை நேர்காணலுக்கு அழைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர் பட்டத்தையும் பயிற்சியையும் வினவுகிறீர்கள். அதற்கேற்ப ஊதியம் வரையறுக்கிறீர்கள். அதே வளாகத்தின் மழலையர் வகுப்பிற்கு ஆசிரியரைத் தேரும்போதும் அவ்வாறே செய்யுங்கள். வரும் கல்வியாண்டிற்குரிய ஊதியப் பட்டியலை எழுதும்போது, எல்.கே.ஜி. ஆசிரியரின் பெயர் எந்த வரியில், எந்தத் தொகைக்கு எதிரே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்த ஒரு வரியைத் திருத்துவது உங்கள் கையில் உள்ளது.